கடிகாரக் கம்பெனித் தலைவர் எழுதிய கால்பந்து விதிகள்

இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் எலும்புக்கூடு வால்டர் கேம்ப் போட்டது. 1876 முதல் யேல் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 1880-ல் அணிக்கு 15 பேர் என்பதை 11 ஆக்கவைத்தார். ரக்பி பாணியில் முட்டிமோதிப் பந்தைப் பிடுங்குவதும் போயிற்று. ஒரு அணி கையில் பந்து, நடுவில் நிற்பவர் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளினால் ஆட்டம் தொடங்கும்.

இதிலேயே ஓர் ஓட்டை. பந்தைத் திருப்பித் தரவேண்டும் என்று விதி இல்லையே! 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் ஆட்டத்தில் ஆளுக்கொரு பாதி நேரத்தைப் பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டே ஓட்டின. 0-0. பார்க்க வந்தவர்கள் பாவம்.

1882-ல் மருந்து வந்தது: மூன்று முயற்சியில் 5 கெஜம் முன்னேறு, அல்லது 10 கெஜம் பின்வாங்கு, இரண்டும் இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அதை அளக்கத்தான் மைதானத்தில் 5 கெஜத்துக்கு ஒரு கோடு.

கேம்ப் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் சேர்ந்தார். 1903-ல் அதன் தலைவர். யேல் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நாட்களில், பகலில் அலுவலகம் என்பதால் பயிற்சியை மனைவி ஆலிஸ் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவார், இரவு வீட்டில் வீரர்களோடு ஆலோசனை. பயிற்சியாளர் என்ற பெயரில் பாதி ஆலிஸுக்குத்தான் சேரவேண்டும்.