அலாய் வீலில் பிரஷர் சென்சார்: நம் கடற்கரையில் வால்வுதான் முதல் கவலை

கீழக்கரையில் ஒரு பஞ்சர் கடை முன்னால் காற்று பார்க்க நிறுத்தியிருந்தேன். முன்பக்க இடது வீலின் வால்வு மூடி கையால் திருகினால் அசையவில்லை. கடைக்காரக் காக்கா (அண்ணன்) பிளையரால் மெதுவாகத்தான் பிடித்தார். இரண்டாவது திருகலில் மூடியோடு சேர்ந்து வால்வுத் தண்டே உடைந்து அவர் கையில் வந்துவிட்டது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் தரையோடு படுத்துவிட்டது. அது சாதாரண ரப்பர் வால்வு இல்லை. பிரஷர் சென்சாரோடு வந்த அலுமினிய வால்வு. மாட்டிப் பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது.

"தம்பி, நான் ஒடச்சேன்னு நெனச்சிராதீங்க, உப்பு ஏற்கெனவே தின்னு முடிச்சிருக்கு, பாருங்க" என்று உடைந்த துண்டைக் காட்டினார். மரை முழுக்க வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அலாய் வீல் மாற்றும்போது சென்சாரைப் பற்றி நான் விசாரித்ததெல்லாம் மின்னணு விஷயங்கள்தான். எந்த அலைவரிசை, காரோடு எப்படிச் சேர்ப்பது, பேட்டரி எத்தனை வருடம் வரும், இப்படி. வால்வு எந்த உலோகம் என்று நான் கேட்கவும் இல்லை, மதுரையில் மாட்டிக் கொடுத்த கடையில் யாரும் சொல்லவும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில், அதுவும் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடிப்படை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டயர் பிரஷர் கண்காணிப்பு இரண்டு விதம். ஒன்றில் வீலுக்குள் எதுவுமே இருக்காது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அந்த வீல் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்கள் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். உங்கள் காரில் இந்த வகைதான் இருக்கிறது என்றால் அலாய் மாற்றியதும் காற்றைச் சரியாக அடித்து, மெனுவில் போய் ரீசெட் கொடுத்தால் வேலை முடிந்தது, செலவே இல்லை. இன்னொரு வகையில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வின் அடியில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அது காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். வண்டி நிற்கும்போது தூங்கிவிடும், வீல் சுற்ற ஆரம்பித்ததும் அந்த விசையில் விழித்துக்கொள்ளும். பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால் தனியாக மாற்ற முடியாது, 5 முதல் 10 வருடம் வரை வரும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். என் காரில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

சரி, வால்வுக்கு வருவோம்.

சென்சாரோடு வரும் வால்வுத் தண்டும் இரண்டு வகை. அலுமினியத் தண்டு, வெளியே நட்டு போட்டு முடுக்குவது. இன்னொன்று பழைய டியூப்லெஸ் வால்வு மாதிரி ரப்பர் போர்த்தியது, ஓட்டைக்குள் இழுத்து மாட்டுவது, அதன் உள்ளே இருப்பது பித்தளை. பார்க்க அழகாக இருப்பது அலுமினியம்தான், அலாய் வீலோடு நிறமும் பொருந்தும். பிரச்சினை எங்கே என்றால், அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அந்த இடமே ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடுகிறது. அதில் கரைவது எப்போதும் அலுமினியம். அலுமினியத் தண்டுக்குள் சாதாரணப் பித்தளை வால்வு பின்னை (காற்று வெளியே வராமல் அடைக்கும் சின்ன ஊசித் துண்டு) போட்டால் உள்ளிருந்து அரிக்கும், மேலே குரோம் பூசிய உலோக மூடியைப் போட்டால் வெளியிலிருந்து அரித்து மூடி ஒட்டிக்கொள்ளும். எனக்கு நடந்தது இரண்டாவது. சென்சாரோடு வந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, வீலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பளபளப்பான உலோக மூடிகளை நான்தான் வாங்கிப் போட்டிருந்தேன்.

நம் ஊர்க் காற்று எவ்வளவு உப்பு என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோகங்கள் கடல் காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆயுள் முழுக்க பெயின்ட் வேலையும் துரு வேலையும் ஓயவே இல்லை. அதே காற்றில்தான் நம் காரும் நிற்கிறது, ஒரு சுண்டுவிரல் அளவு அலுமினியத் தண்டு எம்மாத்திரம்.

அன்றைக்கு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு வந்தேன். ஸ்டெப்னி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து, டியூப்லெஸ் டயரும் பிரஷர் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதி மாறிவிட்டது. அதை நம்பி ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு டிக்கியில் சாமான் ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். வால்வு உடைந்தால் எந்தக் கிட்டும் உதவாது, தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் இரண்டு பக்கமும் கடல்தான், பஞ்சர் கடை கிடையாது.

உடைந்தது தண்டு மட்டும்தான், சென்சார் நன்றாகவே இருந்தது. என்னுடைய சென்சாரில் தண்டு ஒரே ஒரு திருகாணியில் பிடித்திருக்கிறது, அதே உடலில் அலுமினியத் தண்டையும் மாட்டலாம், ரப்பர் தண்டையும் மாட்டலாம். நான்கையும் ரப்பருக்கு மாற்றிவிட்டேன். எல்லா அலாயிலும் ரப்பர் தண்டு உட்காராது, அதைக் கவனிக்க வேண்டும். இரும்பு ரிம்மின் தகடு மெல்லியது, அலாயில் வால்வு ஓட்டைப் பக்கம் தடிமன் அதிகம், சிலதில் ரப்பரின் பள்ளம் ரிம்மைக் கவ்வாது. ஓட்டை 11.3 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு, தடிமனை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்து, வால்வு பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரப்பர் ஒத்துவரவில்லை என்றால் அலுமினியமே போடுங்கள், ஆனால் வால்வு பின் நிக்கல் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள், மூடி உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடியாக இருக்கட்டும். பஞ்சர் கடைகளில் பின் கெட்டுப்போனால் டப்பாவில் கையில் கிடைக்கும் பித்தளைப் பின்னை எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, அது சென்சார் வால்வு என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் நிக்கல் பின் நான்கைச் சின்ன டப்பாவில் போட்டு டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன்.

அலாய் வாங்கும்போது பிசிடி (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு), ஆஃப்செட் (வீல் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு), நடு ஓட்டை எல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். சென்சாருக்காக இன்னும் ஒரு விஷயம் பாருங்கள். வால்வு ஓட்டையின் உள்பக்கம் சென்சார் உட்கார இடம் இருக்க வேண்டும். சென்சாரின் உடல் ரிம்மின் நடுப்பள்ளத்துப் பக்கம் தாழ்ந்து படுக்க வேண்டும், டயரின் விளிம்பு உட்காரும் மேட்டைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் டயர் ஏற்றும்போதே உடையும். கடையிலேயே டயர் இல்லாத வெறும் வீலில் ஒரு சென்சாரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

அலைவரிசையில் என் மச்சானுக்கு நடந்தது இது. துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது மலிவாகக் கிடைத்தது என்று நான்கு சென்சார் வாங்கி வந்தார். வீலில் எல்லாம் மாட்டியாயிற்று, கார் ஒன்றைக்கூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அது அமெரிக்க மாடல் கார்களுக்கான 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார், இங்கே அவர் கார் கேட்பது 433. ரேடியோவில் வேறு ஸ்டேஷனை வைத்துக்கொண்டு காத்திருக்கிற கதைதான். நான்கு டயரையும் மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டு அலைவரிசைக்கும் புரோகிராம் செய்துகொள்ளும் பொதுச் சென்சார்கள் இருக்கின்றன, ஆட்டெல் எம்எக்ஸ் அந்த வகை. டயரை மாட்டுவதற்கு முன்பே சென்சாரைப் படிக்கும் கருவியை அருகில் வைத்துச் சென்சார் பேசுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய சென்சார் உயிரோடு இருந்தால் அதன் அடையாள எண்ணைப் புதியதில் அப்படியே நகல் எடுத்துவிடலாம், அப்போது காருக்கு எதுவும் மாறியதே தெரியாது, எனக்கு இந்த வழிதான் பிடித்தது. நகல் எடுக்க முடியாவிட்டால் காரைப் பொறுத்து ஓட்டியே பழக்கலாம், அல்லது ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் இடம்) கருவியைச் செருகிப் பதிய வேண்டும்.

மாட்டும்போது மெஷின் பக்கத்திலேயே நில்லுங்கள். டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் தட்டு வால்வுக்கு எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும், வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தினால் சென்சார் போயிற்று. அலுமினியத் தண்டின் நட்டைக் கைபலத்தில் முடுக்க விடாதீர்கள். தயாரிப்பைப் பொறுத்து 4 முதல் 8 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரைதான், அதற்கு மேல் போனால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கி, மறுநாளிலிருந்து காற்று இறங்க ஆரம்பிக்கும். அந்த வாஷர், நட்டு, பின், மூடி நான்கையும் ஒவ்வொரு முறை டயர் கழற்றும்போதும் புதிதாகப் போடுவது நல்லது. சென்சார் மாட்டிய வீலில் எடை ஒரு பக்கம் கூடும், அதனால் பேலன்சிங் கட்டாயம்.

வால்வு மேலேயே மூடி மாதிரி திருகும் சென்சார்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், டயரைக் கழற்ற வேண்டாம் என்பதால். நான் போட மாட்டேன். அது வால்வு பின்னை எந்நேரமும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும், காற்றைத் தடுத்து நிற்பது அந்த மூடியின் ரப்பர் மட்டும்தான், அதுவும் உப்புக்காற்றில் முழுதாக வெளியே நிற்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, வாரம் ஒருமுறை காற்று பார்த்தால் போதாதா என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் கொடுத்தது ஒரு கருவேல முள். போன சித்திரையில் ஏர்வாடி தாண்டிச் சாயல்குடி போகும் வழியில், சாலையோரம் சீமைக்கருவேலம் வெட்டிக் குவித்திருந்த இடத்தில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி ஏறினேன். வண்டியில் அம்மா, தங்கை, அவளுடைய ஆறு மாதக் குழந்தை. ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்க வலது டயர் மட்டும் 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருந்து 34, அப்புறம் 32, 30. வெயிலில் ஓட ஓடக் காற்று சூடாகி பிரஷர் ஏற வேண்டும். 10 டிகிரி கூடினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறும், மற்ற மூன்றும் அப்படித்தான் ஏறியிருந்தன. ஒன்று மட்டும் இறங்கினால் அது முள்தான். நிறுத்திப் பார்த்தால் அரை விரல் நீளத்துக்கு முள், தலை கூடத் தெரியாமல் உள்ளே ஏறியிருந்தது. சென்சார் இல்லாமல் இன்னும் நாற்பது கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருப்பேன். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிப்பது இப்படித்தான். அமெரிக்காவில் 2000இல் சட்டம் போட்டு 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் காரிலும் கட்டாயமாக்கியதும் இதே காரணத்துக்குத்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். காரின் எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் கால்வாசிக் காற்று குறைந்த பிறகுதான் எரியும். 33 போட வேண்டிய டயர் 25 ஆகும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். திரையில் எண் காட்டும் வசதி இருந்தால் எண்ணைப் பாருங்கள். முள் பஞ்சருக்கு அவசரத்தில் உள்ளே ஊற்றும் திரவத்தைப் பயன்படுத்தினால் சென்சாரின் துளை அடைத்துக்கொள்ளலாம், நான் ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்தான் வைத்திருக்கிறேன்.

ரப்பர் தண்டுக்கு மாறி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. தனுஷ்கோடி போய் வந்தால் அன்று மாலையே நல்ல தண்ணீரில் வீலைக் கழுவி, வால்வு மூடி நான்கையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான்கும் விரலால் திருகியதும் வந்துவிட்டன.