புரதம் 'நில்' (இல்லை) என்று வந்தால் மட்டும் போதாது

கிளினிக்கில் "யூ.எப்.ஆர். (முழுச் சலப் பரிசோதனை) செய்துகொண்டு வாங்கோ" என்று துண்டைத் தந்தால், பிழை பெரும்பாலும் போத்தலிலேயே தொடங்கிவிடும். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதை 20–30 மில்லிலீற்றர் பிடியுங்கள். மாதவிடாய் நாளென்றால் தள்ளிப்போடுங்கள், இல்லாவிட்டால் செங்குழியக் கணக்கு கெட்டுவிடும்.

மூதூரிலோ குச்சவெளியிலோ விடியப் பிடித்த போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். 2 மணித்தியாலத்துக்கு மேல் வெக்கையில் கிடந்தால் கிருமி பெருகும், கலங்கள் சிதையும். லாபுக்கு வந்தே பிடிப்பதுதான் நல்லது.

சீழ்க்கலம், நுணுக்குக்காட்டியில் ஒரு பார்வைப் புலத்துக்கு 5 வரை சாதாரணம். 15–20 என்று வந்து, கூடவே எபிதீலியல் (மேற்றோல்) கலங்களும் நிறைய இருந்தால், தோலிலிருந்து கலந்திருக்கலாம். திரும்பப் பிடித்துக் கொடுங்கள். எரிவு, காய்ச்சல் இருந்தால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) சலம் கொடுத்த பிறகே அன்டிபயோட்டிக் தொடங்க வேண்டும். பாமசியில் வாங்கி இரண்டு குளிசை போட்டுவிட்டு வந்தால் கிருமி வளராமலே போகலாம்.

சலத்தில் தோய்த்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் இரத்தம் பொசிட்டிவ், நுணுக்குக்காட்டியில் செங்குழியமே இல்லையா? சிதைந்த குருதியின் ஹீமோகுளோபினாகவோ, நசுங்கிய தசையின் மயோகுளோபினாகவோ இருக்கலாம். செங்குழியக் காஸ்ட் (சிறுநீரக நுண்குழாயில் உருளையாக உறைந்த செங்குழியங்கள்) கண்டால் கதை வேறு: சிறுநீரக வடிகட்டியிலேயே அழற்சி, உடனே டொக்டரிடம் போக வேண்டும். டபாகிளிஃப்ளோசின் என்ற சீனி வருத்த மருந்து குடிப்பவர்களின் சலத்தில் சீனி வரும். அது மருந்தின் வேலை, பதறத் தேவையில்லை.

இனிப் புரதம். ஸ்ட்ரிப் பிடிப்பது பெரும்பாலும் அல்புமினைத்தான். ஒரு + என்றால் டெசிலீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவு. காய்ச்சலிலும் கடும் வேலைக்குப் பிறகும் அது வரலாம். சீனி வருத்தக்காரருக்கு ஸ்ட்ரிப் தவறவிடும் சிறு கசிவைப் பிடிக்க ஏ.சி.ஆர். (சலத்தில் கிரியட்டினினுக்கு எதிராக அல்புமின் எவ்வளவு என்ற சோதனை) செய்ய வேண்டும், கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேலென்றால் 3 மாதத்துக்குள் திரும்பப் பார்ப்பார்கள்.

பதவிசிறிபுரப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு 'நில்'தான் ஏமாற்றுகிறது. அங்கே காணப்படும், காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் நுண்குழாய்களைத் தாக்குவது. தொடக்கத்தில் புரதம் வராது, வந்தாலும் கொஞ்சம்தான். ஆகவே சீரம் கிரியட்டினின் என்ற இரத்தச் சோதனையும் கேளுங்கள். அதிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 60க்குக் கீழே 3 மாதம் நின்றால் நாட்பட்ட நோய். ஈ.ஜி.எப்.ஆரைக் கணக்கிட வயதும் ஆணா பெண்ணா என்பதும் வேண்டும். துண்டில் அவை எழுதியிருக்கிறதா என்று கொடுக்கும்போதே பாருங்கள்.