உடைந்த மண்குடம்

எங்கள் ஆங்கில சேர் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் பாடப்புத்தகத்தைத் தொடவே மாட்டார். அட்டை கழன்ற ஒரு சின்ன நாவலைக் கொண்டுவந்து, இரண்டு வரி வாசித்துவிட்டுத் தமிழில் கதை சொல்லுவார். 1861 இல் ஜோர்ஜ் எலியட் எழுதிய ‘சைலஸ் மார்னர்’. எழுதியவர் மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் என்று அவர் சொன்ன அன்று பின்வாங்கில் ஒரே சிரிப்பு.

சைலஸ் ஒரு நெசவாளி. உயிர் நண்பனே சபைப் பணத்தைத் திருடிப் பழியை அவன் தலையில் போடுகிறான். திருவுளச்சீட்டும் சைலஸைத்தான் குற்றவாளி என்கிறது. அவனுக்கு நிச்சயித்த பெண் அந்த நண்பனையே கட்டிக்கொள்கிறாள். பிறகு வேறு ஊரில் 15 வருடம், தறியும் தங்கக் காசும்தான் துணை. காசும் களவு போகிறது. ஒரு மார்கழிக் கடைசி இரவு அடுப்படியில் ஏதோ பொன்னாக மினுங்க, போன காசு வந்துவிட்டதென்று கையை நீட்டுகிறான். விரலில் படுவது ஒரு குழந்தையின் சுருள்மயிர். எங்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் இதுதான்.

சேர் நின்று நிதானித்தது அதற்கு முந்திய ஒரு சின்னச் சம்பவத்தில். சைலஸ் 12 வருடமாகத் தண்ணீர் அள்ளிய மண்குடம் ஒருநாள் விழுந்து மூன்று துண்டாகிறது. துண்டுகளைப் பொருத்தி, பழைய இடத்திலேயே சாத்தி வைக்கிறான்.

“இனித் தண்ணி பிடிக்கேலாத குடத்தை ஏன் வைச்சிருக்கிறான், சொல்லுங்கோ பாப்பம்?”

“கஞ்சன், சேர்!” என்றேன். வகுப்பே சிரித்தது, சேரும் சிரித்தார். “மனுசரை நம்பாதவன். ஆனாலும் பாசம் வைக்க அவனுக்கு ஒண்டு வேணுமடா” என்றார்.

டொலி என்ற அயல்வீட்டுக்காரியையும் அவருக்குப் பிடிக்கும். எழுத்தறியாத அவள், கோவிலில் பார்த்த எழுத்துகளைப் பலகாரத்தில் பதித்துக் கொண்டுவந்து கொடுப்பாள். வாசிக்கத் தெரிந்த சைலஸுக்கும் பொருள் விளங்காது. பொருள் விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன, பலகாரம் வந்ததே!

எலியட்டின் சொந்தக் கதையை சேர் சொல்லவில்லை. லண்டன் வந்த பிறகு வாசித்தேன். மனைவியிடமிருந்து மணவிலக்குப் பெற முடியாத எழுத்தாளர் ஜோர்ஜ் ஹென்றி லூயிஸோடு 1854 முதல் வாழ்ந்தார். அதையறிந்த அண்ணன் ஐசக் பேச்சையே நிறுத்திவிட்டார். 20 வருடத்துக்கு மேல் ஒரு கடிதம் இல்லை. லூயிஸ் இறந்த பின், 1880 இல் எலியட் முறைப்படி இன்னொருவரை மணந்தபோதுதான் அண்ணனின் வாழ்த்து வந்தது. அந்த டிசம்பரிலேயே எலியட் இறந்துபோனார். ஹைகேட் மயானத்தில் அவர் கல்லறையைப் பார்த்தபோது எனக்கு அந்த அண்ணன்மேல்தான் கோபம்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மா நாவற்குழிப் பாலம் கடந்து போனபோது, காணி உறுதிகளோடு கால் உடைந்த தேங்காய்த் திருவலையையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனாராம். இதையேன் தூக்கினீங்கள் என்று போனில் கேட்டேன்.

“அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா?” என்றார் அம்மா.