முறிந்த ஊசி

தையல் மெஷினில் ஊசி முறிந்தால் அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. உடனே வேலையை நிறுத்த வேண்டும். முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். முழு ஊசியும் இருக்கிறது என்றால் ஒரு கொப்பியில் செலோடேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. துணிக்குள் ஒரு சின்ன நுனி மாட்டிக்கொண்டு போனால், கடல் கடந்து எங்கோ ஒரு குழந்தையின் தோலில் அது குத்தும்.

நான் கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். என் லைனில் முப்பத்திரண்டு பிள்ளைகள். விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை என்று பல பக்கத்தாலும் கம்பனி பஸ்ஸில் வருவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை என்றால் விடிய நாலு மணிக்கே எழும்பிச் சமைத்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு றோட்டுக்கு வர வேண்டும்.

நான் பொறுப்பெடுத்த இரண்டாம் மாதம், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் மெஷினில் ஊசி முறிந்தது. மூன்று துண்டு. இரண்டைக் கண்டெடுத்தாள், நுனியைக் காணவில்லை. அவள் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து மெஷின்காரியிடம் மிச்சமாய் இருந்த ஒரு ஊசியை வாங்கிப் பூட்டிவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு, பெட்டியில் அடுக்குவதற்கு முன் துணிகள் போகும் மெற்றல் டிடெக்டர் கத்தியது. அன்று தைத்த நானூற்றுச் சொச்சம் உடுப்புகளையும் திரும்பப் பிரித்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். இரவு பஸ் எட்டரைக்குத்தான் வெளிக்கிட்டது.

மற்ற சூப்பர்வைசர்கள் அவளை, அன்றன்றைய தையல் கணக்கு எழுதும் டார்கெட் பலகைக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க நிற்கவைக்கச் சொன்னார்கள். அதுதான் அங்கே வழக்கம். நான் அவளைத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பேச்சு விழும் எண்டு பயந்திட்டன் மிஸ்."

அந்த 'மிஸ்' எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இரண்டு மாதம் அவளோடு வேலை செய்திருக்கிறேன், ஒரு ஊசி முறிந்ததைச் சொல்ல என்னிடம் அவளுக்குப் பயம். பிழை என்னிடமும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

தொழிற்சாலைக்கு வருவதற்கு முன் நானும் ஒரு மெற்றல் டிடெக்டரோடுதான் வாழ்ந்தேன். 2013 முதல் 2019 வரை முகமாலையில் மிதிவெடி அகற்றினேன். போர்க்காலத்தில் பல வருடம் இரண்டு பக்கமும் காவலரண் போட்டு நின்ற நிலம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வெடிகள், அதற்குள் இரும்பு மிகக் கொஞ்சம். காலையில் டிடெக்டரை ஒரு தெரிந்த இரும்புத் துண்டின் மேல் பிடித்து, சரியாகச் சத்தம் போடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவோம். முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், நெஞ்சுக்குக் கனத்த அங்கி. ஒரு மீற்றர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகள், முன்னுக்குக் குறுக்கே ஒரு கட்டை. கட்டைக்கு இந்தப் பக்கம் பார்த்து முடிந்தது, அந்தப் பக்கம் பார்க்காதது. அதை மட்டும் மறக்கக் கூடாது.

ஒரு நாள் வெயில் ஏறின நேரம், கட்டையை முன்னுக்கு நகர்த்தின பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இடது ஓரத்தில் ஒரு முழம் அளவு இடத்தை நான் சரியாகப் பார்த்தேனா? அம்மாவின் வருத்தத்தை யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பார்த்திருப்பேன் என்றுதான் மனம் சொன்னது. ஆனாலும் கையைத் தூக்கினேன். எங்கள் செக்ஷன் லீடர் அண்ணா வந்தார். சொன்னேன்.

"சரி, பின்னுக்கு வா தங்கச்சி. ரெண்டு மீற்றர் பின்னுக்குக் கட்டையைப் போடு, திரும்பப் பாப்பம்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்ற கேள்வி இல்லை, முகம் சுளிப்பும் இல்லை. அன்று என் கணக்கில் மீற்றர் குறைவு. அடுத்த நாள் காலை எல்லோரும் கூடி நின்றபோது அவர் சொன்னது இதுதான்: "நேற்று ஒராள் சந்தேகம் எண்டு கை தூக்கினவ. அப்பிடித்தான் செய்ய வேணும்." என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிசனுக்காக எந்த வெயிலிலும் வேலை செய்யலாம் என்று இருந்தது.

அவசரம் அங்கும் இருந்தது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 நடுப்பகுதிக்குள் நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டும் என்று கெடு வந்தது. அப்போதும் அவர் யாரையும் மற்றவர் முன் நிற்கவைத்து மீற்றர் கணக்குக் கேட்டதை நான் காணவில்லை.

சரி, தொழிற்சாலைக்கு வருவோம். அடுத்த நாள் காலை மெஷின்கள் ஓடத் தொடங்குமுன் என் லைனைக் கூட்டினேன். ஊசி முறிந்தால் கையைத் தூக்குங்கோ, நான் வந்து உங்களோடு சேர்ந்து தேடுவேன், ஏச மாட்டேன் என்றேன். முதல் கிழமை ஒருத்தரும் நம்பவில்லை. இரண்டாம் கிழமை ஒரு கை எழும்பியது. காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் மெஷினுக்குக் கீழே முழங்காலில் இருந்து தேடினேன். முழு லைனும் தைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு கைகள் எழும்பத் தொடங்கின.

மாத முடிவில் மேலிடத்தில் கூப்பிட்டார்கள். "உங்கட லைனில மட்டும் ஏன் இவ்வளவு ஊசி முறியுது?" கொப்பியில் மற்ற லைன்களைவிட மூன்று மடங்கு இருந்தது. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு வவுனியாவில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, ஹார்வர்ட் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். பதிவில் பார்த்தால் அந்தக் குழுக்களில்தான் கூட. அங்கே இருந்தவர்கள் பிழையை மறைக்காமல் சொன்னார்கள், அதனால் பதிவில் ஏறியது. கேட்டவுடன் என் கொப்பிதான் கண்ணுக்கு முன் வந்தது. மேலிடம் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்.

அந்தக் கொப்பி இன்னொன்றையும் காட்டியது. முறிந்த ஊசிகளில் பாதிக்கு மேல் மூன்று மெஷின்களில். மூன்றும் இடுப்பு மடிப்பும் பக்கத் தையலும் சந்திக்கும் தடிப்பான இடத்தைத் தைப்பவை. பிள்ளைகள் அந்த இடத்தில் துணியைக் கையால் இழுக்கிறார்கள், ஊசி வளைந்து தட்டில் அடிபட்டு முறிகிறது. மெக்கானிக் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினோராம் நம்பர் ஊசியைக் கழற்றி, அதைவிடத் தடித்த பதினாலாம் நம்பர் போட்டார். அடுத்த மாதம் பாதியாகக் குறைந்தது. பிள்ளைகள் மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் இது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

லீவு விசயமும் இப்படித்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தால் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும். முன்பு யாருக்கு என்று சூப்பர்வைசர் முடிவெடுப்பார், பாதிப் பேர் அழுவார்கள். நான் அதை லைனிடமே விட்டேன். கண்டாவளை, தர்மபுரப் பிள்ளைகள் அன்றைக்கு நின்று வேலையை இழுத்தார்கள். பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கு அவர்கள் போனபோது மற்றவர்கள் நின்றார்கள். எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

கம்பனி வருடத்தில் ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஒரே நிற ரீசேட், கயிறு இழுத்தல், சாப்பாடு. பிள்ளைகளுக்குச் சந்தோசம், எனக்கும்தான். ஆனால் திங்கட்கிழமை காலை ஒருத்தியைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால், அந்தக் கயிறு இழுத்ததில் என்ன மிச்சம் இருக்கும்?

போன கிழமை புதுப்பிள்ளை ஒருத்தி, வந்து மூன்றாம் நாள், கையைத் தூக்கினாள். நான் லைனின் மற்றத் தொங்கலில் நின்றேன். போய்ச் சேருமுன் ஒருத்தி அவளுடைய மெஷினுக்குக் கீழே காந்தத்தோடு முழங்காலில் இருந்தாள். அன்றைக்கு நுனியை மறைத்த அதே பிள்ளை.

"ரெண்டு துண்டுதான் அக்கா இருக்கு, நுனியைக் காணேல்லை. இவவின்ர துணியெல்லாத்தையும் ஒதுக்கி வைக்கட்டோ?"

"வை."

பத்து நிமிசம் தேடினோம். புதுப்பிள்ளையின் செருப்பு ரப்பரில் குத்திக்கொண்டு நின்றது. எடுத்து, மூன்றையும் பொருத்திப் பார்த்து, ஒட்டி, மெஷின் நம்பரும் நேரமும் எழுதச் சொல்லிக் கொப்பியை அவளிடமே கொடுத்தேன்.