முள் நீங்காதபோதும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் துன்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எப்படியும் ஓரியூரில் போய் நிற்கும். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை வெட்டுண்டு உயிர்விட்ட, போர்ச்சுகலிலிருந்து வந்த மறைப்பணியாளரான புனித அருளானந்தரின் பெயரை எங்கள் பக்கத்தில் பள்ளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறோம். அவருடைய குருதியில் சிவந்ததென்று மக்கள் நம்பும் மணலை எடுத்துவந்து நோயாளிகளின் நெற்றியில் பூசுகிறோம். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த மணல் சிறு பொட்டலமாக எங்கள் வீட்டுக்கும் வந்தது, நானும் பக்தியோடு பூசினேன். ஆனால் அந்த நாட்களில் அருளானந்தரின் வரலாற்றை மீண்டும் நினைத்துப் பார்த்தபோது, அதில் ஒரு பகுதி எனக்குப் பொருந்தவில்லை. அவர் 1686இல் இராமநாதபுரத்து மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி, பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, லிஸ்பன் அரண்மனை தம்மை அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பியும் மறுத்துவிட்டு, தம்மைக் கொல்லக்கூடிய மண்ணுக்கே திரும்பி வந்தவர். அவருடைய பாடு அவர் அறிந்து ஏற்றுக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வந்ததோ யாரும் கேட்காமல் வந்தது.

கேட்காமல் வருகிற துன்பத்தில் ஆன்மிக வளர்ச்சி எங்கிருந்து வரும் என்பதுதான் அன்றிலிருந்து என்னைத் தொடரும் கேள்வி. துன்பம் வந்தாலே மனிதர் பக்குவப்பட்டுவிடுவார் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஒரே நோய் ஒருவரை இளகச் செய்வதையும் இன்னொருவரைக் கசப்பில் இறுகச் செய்வதையும் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். விவிலியமும் வலியை நல்லதென்று சொல்வதில்லை. புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என்று மன்றாடினார். ஆகவே வலி நீங்க வேண்டுமென்று கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. மருத்துவரிடம் போவதும் மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பதும்கூட அந்த மன்றாட்டின் பகுதிதான் என்பது என் உறுதியான எண்ணம். பவுலுக்குக் கிடைத்த பதில், "என் அருள் உனக்குப் போதும்" என்பது. முள் போனதாக அவர் எங்கும் எழுதவில்லை.

என் கணவருக்கு வலக்கையும் வலக்காலும் மட்டுமல்ல, பேச்சும் போயிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டத்தான் முடியும். என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, வராமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் மாலை வழக்கம்போலக் கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மரியன்னை செபத்தின் முதற்பாதியை முடித்ததும் அவர் உதடு அசைந்து, "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று தெளிவாக வந்தது. சிறுவயதில் அவருடைய அப்பத்தா மடியில் படித்த பழைய செபம் அது. மனப்பாடமான வரிகளும் பாட்டுகளும் பேச்சு சிதைந்த பிறகும் சிலரிடம் எஞ்சியிருக்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அந்த விளக்கம் எனக்கு எந்த ஏமாற்றத்தையும் தரவில்லை. ஒரு பாட்டி நாள்தோறும் ஒரு குழந்தைக்கு ஊட்டியது, வேறெதுவும் எட்டாத இடத்தில் அறுபது வயதைக் கடந்தும் அழியாமல் இருந்தது. அதைவிடப் பெரிய அடையாளத்தை நான் கேட்கவில்லை.

நம் மறையுரைகளில் விசுவாசத்தை நெருப்பில் புடமிட்ட பொன்னுக்கு ஒப்பிடுவார்கள். அது பேதுருவின் திருமுகத்திலேயே இருப்பதுதான். எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது, எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். அதன் பளபளப்பு, வீட்டார் நாள்தோறும் நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து ஏறுவது. முதல் அடி விழுந்த வாரத்தில் எனக்கு எந்த வளர்ச்சியும் வரவில்லை, பயம்தான் வந்தது. அதன்பின் வந்த சலிப்பான மாதங்களில், துணி மாற்றுவதற்கும் கஞ்சி ஊட்டுவதற்கும் இடையில், அழுகையோடும் சில நாள் கோபத்தோடும் சொன்ன செபங்களில்தான் ஏதோ மெல்ல மாறியது. அந்நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது 88ஆம் திருப்பாடல். அது ஆறுதலில் முடிவதில்லை, இருளில் முடிகிறது. அப்படி ஒரு புலம்பலைத் திருச்சபை தன் செபப் புத்தகத்தில் காத்து வைத்திருக்கிறதே என்ற எண்ணமே, நான் புலம்பினாலும் ஆண்டவருடைய வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்ற துணிவைத் தந்தது.

வந்தவர்களில் பலர், "ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார், பிரியமானவர்களைத்தான் சோதிப்பார்" என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், கேட்க வலித்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அப்படி எதுவும் சொல்லவில்லை. தூக்குச்சட்டியில் இடியாப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ சாப்பிட்டியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டு, நான் சாப்பிட்டு எழும்வரை என் கணவருடைய கட்டிலருகே உட்கார்ந்திருப்பார்கள். விவிலியத்தில், எல்லாம் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அதுவே. வாய் திறந்து காரணம் கற்பித்த பிறகுதான், முறையிட்ட யோபுவைப்போல் அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கடிந்துகொள்கிறார்.

இப்போது என் கணவர் கோலூன்றி வாசல்வரை நடக்கிறார். பேச்சு அரைகுறையாகத்தான் இருக்கிறது. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் இப்படிப் படுத்திருப்பவர்களின் வீடுகளுக்கு நான் போய்வருகிறேன். நாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறருக்கு ஆறுதல் சொல்ல முடியும் என்று பவுல் எழுதியதற்கு என்னால் இயன்ற பொருள் இதுதான். போகிற இடத்தில் துன்பத்துக்குக் காரணம் சொல்வதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் இரவு தூங்கினாயா என்று கேட்கிறேன், இல்லையென்றால் அவளைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு அந்த மதியம் முழுவதும் அங்கே இருக்கிறேன்.