பெட்டிக்கு அன்றைக்கு 2016

போன மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வந்தது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெனரேட்டர் தையல் லைனுக்கே சரியாக இருக்கும் என்பதால், எல்லோருடைய ஃபைல்களையும் பேக்கப்பையும் வைத்திருக்கும் நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) முறைப்படி அணைத்து, கரண்ட் வந்ததும் மறுபடி போட்டுவிட்டு, பல்லடம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஓடிவந்தார். பழைய ஆர்டர் ஒன்றை அழிக்கப்போய், மத்தியானம் கட்டிங் போக வேண்டிய ஆர்டரின் மார்க்கர் (துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று காட்டும் வரைபடம்) ஃபோல்டரையே அழித்துவிட்டார். அதனாலென்ன, ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்தபடியே ராத்திரி ராத்திரி பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று சொல்லி அட்மின் கணக்கில் நுழையப் போனேன். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. அடுத்து, போன் ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் தவறு என்றது. அடுத்த எண்ணும் தவறு, அதற்கடுத்ததும் தவறு. அவசரத்தில் எண்ணிக்கை பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடத்தில் பத்து முறை தவறினால் அந்தக் கம்ப்யூட்டரைத் தடுத்துவிடும்படி பெட்டியில் செட் செய்து வைத்ததும் நான்தான். என் லேப்டாப்புக்கு லாகின் பக்கமே வராமல் போய்விட்டது.

முதலாளி வந்து நின்றார். "என்னம்மிணி, கட்டிங்குக்குள்ள ஆகுமா?" என்று கேட்டார். ஆகுங்க என்றேன், எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டையில ஊசிய வெச்சு அமுக்குனா ரீசெட் ஆயிருமுங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாஸ் பெட்டி செய்யும் கம்பெனிகளில் சினாலஜியின் பெட்டியில் ஏறக்குறைய நான்கு விநாடி, கியூநாப்பில் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு பீப் கேட்கும். அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும் பழையபடி திரும்பிவிடும், டிஸ்கில் உள்ள ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கியூநாப்பில் அதே பட்டனைப் பத்து விநாடி பிடித்துவிட்டால் கதை வேறு. உருவாக்கி வைத்த பயனர் கணக்குகள், பகிர்வு ஃபோல்டர் அமைப்பெல்லாம் போய்விடும். சினாலஜியில் நான்கு விநாடியிலேயே, பூட்டி வைத்த ஃபோல்டர்களுக்காகப் பெட்டி நினைவில் வைத்திருக்கும் சாவியும் அழிந்துவிடும். எங்கள் வரவுசெலவுக் கணக்கு ஃபோல்டரும் அப்படிப் பூட்டியதுதான். அதன் சாவி தனியாக எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஊசியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாங்கண்ணா, ஒரு மணி நேரம் கொடுங்க என்றேன்.

அப்போதுதான் பேட்டர்ன் செக்‌ஷன் தங்கச்சி போன் செய்தது. "அக்கா, இன்னைக்கு சேவ் பண்ணுன ஃபைலைக் காணோம்னு பார்த்தா, லிஸ்ட்ல கடைசியில போய் உக்காந்திருக்குதுங்க."

பேட்டர்ன் செக்‌ஷனில் எப்போதும் புதிய தேதி மேலே வருகிற மாதிரி வைத்திருப்பார்கள். இன்றைய ஃபைல் அடியில் போனதென்றால் அதன் தேதி பழையது. பக்கத்து கம்ப்யூட்டரில் சாதாரணக் கணக்கில் பகிர்வு ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குப் போன் எண் கேட்காது. உள்ளே காலியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதன் பிராப்பர்ட்டீஸைப் பார்த்தேன். 2016 ஜனவரி 1, இரவு 10:38. சுவர்க் கடிகாரத்தில் காலை பத்தே கால் கூட ஆகவில்லை.

எல்லாம் புரிந்துவிட்டது. போனில் வரும் அந்த ஆறு இலக்கத்தைப் பெட்டி அனுப்புவதில்லை. முதல் நாள் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி இரண்டு பக்கமும் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, 1970 ஜனவரி 1 முதல் எத்தனை முப்பது விநாடிகள் கடந்தன என்ற கணக்கையும் அந்தச் சாவியையும் சேர்த்து, போன் தனியாகவும் பெட்டி தனியாகவும் எண்ணைக் கணக்கிடுகின்றன. 2011-லேயே பொதுத் தரமாக வந்த முறை இது. நேரம் ஒத்துப்போனால்தான் எண் ஒத்துப்போகும். பெட்டி 2016-இல் இருந்தது, என் போன் இன்றைக்கு இருந்தது.

சரி, பெட்டி என் நேரத்துக்கு வராவிட்டால் நான் அதன் நேரத்துக்குப் போகலாமே. போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, தேதியை 2016-க்குத் தள்ளினேன். விநாடிதான் சிக்கல், போனில் நிமிடம் வரைதான் வைக்க முடியும். மறுபடி ஒரு காலி ஃபோல்டர் போட்டேன். 10:43:20 என்று காட்டியது. கைக்கடிகாரத்தில் நாற்பது விநாடி எண்ணி, சரியாக அந்த நொடியில் 10:44 என்று ஓகே கொடுத்தேன். வாட்ஸப் உடனே தேதி தப்பு என்று கத்த ஆரம்பித்தது. அதைத் தள்ளிவிட்டு, தடைபடாத அந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து எண்ணைப் போட்டேன். முதல் தடவை தவறு. ஆப்பில் மிச்ச நேரம் காட்டும் பச்சை வட்டம் தேய்ந்து புது எண் வரும்வரை காத்திருந்து, வந்த நொடியில் போட்டேன். உள்ளே போய்விட்டேன். நாற்காலியில் சாய்ந்தபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

உள்ளே பார்த்தால் இரண்டு கோளாறு. போர்டில் இருக்கும் காசு மாதிரியான செல் செத்துப்போயிருந்தது. அதனால் கரண்ட் முழுசாகப் போனதும் கடிகாரம் ஆரம்பத்துக்குத் திரும்பிவிட்டது. திரும்பினாலும் இன்டர்நெட்டில் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பெட்டியின் டிஎன்எஸ் முகவரி (இணையப் பெயர்களுக்கு எண் முகவரி கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம்), போன வருடம் நாங்கள் எடுத்துப்போட்ட பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தவரை இரண்டுமே வெளியில் தெரியவில்லை. இன்னொன்றும் நடந்திருந்தது: பெட்டிக்கு இன்னும் "இரவு 11" ஆகவில்லை என்பதால் முந்தின ராத்திரி பேக்கப்பே ஓடவில்லை. நல்லவேளை, மார்க்கர் செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது. டிஎன்எஸ்ஸை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, என் லேப்டாப்பின் தடையை நீக்கி, செவ்வாய் ராத்திரி ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஃபோல்டரை எடுத்துக் கொடுத்தபோது பதினொன்றே கால்.

இந்தப் போன் எண் தொல்லையே வேண்டாம், எடுத்துவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். கூடாது என்று அழுத்திச் சொன்னேன். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று நாஸ் பெட்டிகளையே குறிவைத்துப் பூட்டிப் பணம் கேட்ட ஆட்கள் உண்டு. நம்முடைய மார்க்கர், காஸ்டிங், கணக்கு எல்லாம் இருக்கும் ஒரே இடம் இது. அதற்குப் பதிலாக, இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்றைத் தனி பாஸ்வேர்டோடு உருவாக்கினேன். அதன் க்யூஆர் கோடு, பூட்டிய ஃபோல்டரின் சாவி, இரண்டையும் பிரிண்ட் எடுத்து உறையில் போட்டு முதலாளியின் பீரோவில் வைக்கச் சொன்னேன். அவர் உறையின் மேல் பேனாவால் "கம்ப்யூட்டர் சாவி" என்று எழுதி, நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குமரன் ரோட்டில் ஒரு வாட்ச் கடையில் செல் வாங்கினேன். சிஆர் 2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். மாற்றி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி போட்டேன். காலி ஃபோல்டர் ஒன்று போட்டுத் தேதியைப் பார்த்தேன். லிஸ்ட்டில் முதலாவதாக நின்றது.