லூபஸ் இருக்கும்போது ஆன்டிபயாடிக் எழுதி வாங்கிய கதை

எனக்கு லூபஸ் இருக்கிறது. உடலின் நோயெதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய் அது. தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின், குறைந்த அளவில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். நோய் ஓரளவு அடங்கியிருந்த சமயத்தில் நீர்க்கடுப்பு வந்தது, கூடவே காய்ச்சலும்.

லூபஸ்காரர்களுக்குக் காய்ச்சல் என்றாலே குழப்பம்தான். தொற்றா, நோயே மறுபடி கிளம்புகிறதா என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினாலும் சிறுநீரில் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் தெரியும். தொற்று என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும். நோய் என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டைக் கூட்டுவார்கள், அது தொற்று இருப்பவருக்கு ஆபத்து. அதனால் முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.

வழக்கமான மூட்டுவாத மருத்துவர் அன்று இல்லை. பணியில் இருந்த பொது மருத்துவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே சல்ஃபாமெத்தாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த மாத்திரையை எழுதினார். மற்றவர்களுக்கு அது நல்ல மருந்துதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் விஷயத்தில் இரண்டு சிக்கல்கள். லூபஸ் உள்ளவர்களுக்குச் சல்ஃபா ஆன்டிபயாடிக்குகளால் ஒவ்வாமை அதிகம் வருகிறது. அதோடு நோயும் கிளம்பிவிடக்கூடும். இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. மெத்தோட்ரெக்சேட்டும் டிரைமெத்தோபிரிமும் இரண்டுமே, ரத்த அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினைத் தடுப்பவை. சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி ரத்த அணுக்கள் சரியக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் வாராந்திர மருந்து பேச்சில் வராமலே நழுவிவிடும். அதற்காகவே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பேன். அதை அவர் முன்னால் வைத்து, “டாக்டர், இது சல்ஃபாதானே? நான் மெத்தோட்ரெக்சேட்டும் எடுக்கிறேன்” என்றேன். தாளைப் படித்தவர் எழுதியதை உடனே அடித்தார். கோபப்படுவாரோ என்று பயந்தேன், அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் நடந்த உரையாடல்தான் எனக்குப் பாடம். சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கலாமா என்று யோசித்தார். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அந்த வகை மருந்தால் தசைநாண் கிழியும் ஆபத்து கூடுதல். இதயத் துடிப்பின் மின்லயத்தையும் பாதிக்கக்கூடியது, ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கும் அதே குணம் உண்டு. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தான் சரி, காய்ச்சல் இருப்பதால் சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்று அதையும் விட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் என் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுக் கடைசியில் செஃபாலோஸ்போரின் வகை மாத்திரை ஒன்றை எழுதினார்.

மூட்டுவாத மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்ததில் இன்னும் தெளிவு கிடைத்தது. தொற்று தீரும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைக்கச் சொன்னார், ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடரலாம் என்றார். ப்ரெட்னிசோலோனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவரின் உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். நோயின் நெருக்கடியில் அதனால் எழுந்து வேலை செய்ய முடியாது.

மருந்துக்கடையிலும் தாளைக் காட்டினேன். சல்ஃபா மருந்துகள் பாக்ட்ரிம், செப்ட்ரான் என்று பல பெயர்களில் வருவதால் அட்டையின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும். சிலர் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அட்டையில் ‘சல்பேட்’ என்று பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். அது வேறு பொருள், சல்ஃபா ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீர்க்கடுப்பு இல்லாமல் வேறு தொல்லைக்குப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். சளி, இருமலுக்கு அஜித்ரோமைசின் எழுதினால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பதைச் சொல்லுங்கள், ஈசிஜி தேவையா என்று கேளுங்கள். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் லூபஸ் போன்ற நோயையே உண்டாக்கக்கூடியது. டாக்சிசைக்ளின் வெயிலில் தோலை எரிய வைக்கும், நமக்கு ஏற்கெனவே வெயில் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மெட்ரோனிடசோல் எழுதப்பட்டால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பற்றிக் கேட்காமல் வரக் கூடாது.

கல்ச்சரில் ஈ.கோலி என்ற பாக்டீரியா வந்தது, எழுதிய மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றும் தெரிந்தது. அதனால் மருந்தை மாற்றவில்லை. சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடித்தேன், தடிப்பும் வாய்ப்புண்ணும் வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்ததால் மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி ஆரம்பித்தார்கள்.